காக்கா விரட்டும் உத்தியோகம்

ஏப்ரல் 3, வியாழன்

தங்கை மகள் பூமிகாவின் மணிக்கட்டில் மாவுக்கட்டு. கும்மிடிப்பூண்டி கம்பெனி பஸ்ஸின் கடைசிப் படியில் தடுக்கி விழுந்தாள். பத்தொன்பது வயது எலும்பு, அப்பளமாக ஒடிந்தது. பிறந்ததிலிருந்தே எச்.ஐ.வி. அந்தக் கிருமியும் அதற்கான மாத்திரையும் சேர்ந்து எலும்பைப் பலவீனமாக்குமாம். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது. வைட்டமின் டி பாதாளத்தில் இருக்கிறது. வாரம் ஒரு பாக்கெட் பொடி, பாலில் கலந்து. "வெயிலும் படணும்" என்றார் டாக்டர். நைட் ஷிப்ட் பார்த்துப் பகலில் தூங்குகிறவள் சூரியனைப் போன ஜென்மத்தில் பார்த்திருப்பாள்.

ஏப்ரல் 5

மொட்டைமாடிக்குப் பூட்டு! பூட்டியவர் என் அண்ணி சந்திரகலா, கடம்பத்தூர் சக்கரவர்த்தினி.

"மேல வடாம் காயுது. அவ தொட்டா யாரு துன்றது?"

தொட்டால் ஒட்டாது என்று அண்டசராசரமும் அறியும். தங்கை செத்து இவளை அழைத்துவந்த நாள் முதல் தனி டம்ளர். சுவரிடம் சொல்லியிருந்தால் அதுவாவது திருந்தியிருக்கும்.

ஏப்ரல் 6

போர் தொடங்கியது. அண்ணிக்கு மூட்டுவலி, விடியலில் ஒருமுறை ஏறி வடாம் பிழிந்துவிட்டு இறங்குவார். அப்புறம் நாள் முழுக்கக் காக்கா விரட்டுவது அடியேன். அந்த உத்தியோகத்தை ராஜினாமா செய்தேன்.

ஏப்ரல் 8

உள்ளூர்க் காக்காய்கள் போதாதென்று ஊத்துக்கோட்டை வழியாக ஆந்திராக் காக்காய்களும் வந்து விருந்துண்டன.

"பேஜாரு புடிச்சவனே! காவலுக்குப் போவ மாட்டியா சடையா?"

"இந்த ஊட்ல வெயில்ல குந்த வேண்டியவ ஒருத்திதான் அண்ணி. டாக்டரே சொல்லிக்கீறாரு."

கதவை அறைந்தார். எனக்குச் சோறில்லை.

ஏப்ரல் 9

கடையில் நாஷ்டா. இட்லியா அது, செங்கல்.

ஏப்ரல் 11

இரண்டாம் வடாமும் காலி. நான் சிரித்தேன். பூமிகா சிரிக்கவில்லை.

"உங்க ரெண்டு பேர் சண்டைக்கு நான் இன்னா கொடிக்கம்பமா மாமா?"

நேராக அண்ணியிடம் போனாள். "நான் காவல் காக்கறேன் அத்தை. மருந்துப் பால மட்டும் நீங்க குடிக்கிற ஊட்டு டம்ளர்ல குடுங்க."

அண்ணி எழுந்துபோனார்.

இத்தனை வருஷத்தில் எனக்கு ஏன் இதைக் கேட்கத் தோணல? வாயி மட்டும் கிழிய கிழிய...

ஏப்ரல் 13, ஞாயிறு

அடுப்படியில் நங்கென்று சத்தம். அண்ணன் பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளரில் பால். கால்வாசி மேடையில் சிந்தியிருந்தது. அண்ணியின் முகத்தில் எரிமலை. பக்கத்தில் மாடிச் சாவி. பூமிகா பொடியைக் கொட்டிக் கலக்கி, நின்றபடியே குடித்தாள்.

பத்து மணிக்குக் கீழிருந்து ஊரே அதிரும் கூச்சல்: "ஏய் பூமி! தூங்கிகினு கீறியா? காக்கா வருதுடி, ஓட்டு!"

அண்ணிக்கும் எனக்கும் இன்னும் பேச்சுவார்த்தை இல்லை. என் உத்தியோகமும் போய்விட்டது.