மடிப்புக்குள் படுத்திருந்தது

மார்ச் 4
இவருக்கு மறுபடி ரத்தம் போகிறது. இரண்டு நாளாக மறைத்திருக்கிறார். “மூலமா இருக்கும், விடு” என்கிறார். போன வருஷம்தானே குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள்? “ஒண்ணும் தெரியலம்மா” என்று அந்த டாக்டர் சொன்னாரே! கடவுள் முன் உட்கார்ந்து அழுது நன்றி சொன்னேனே. பிறகு ஏன் ரத்தம்?

மார்ச் 9
கொழுந்தனார் வேறொரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனார்.

“போன தடவை பேதி மருந்து ரெண்டு வேளையும் குடிச்சீங்களா?”

இவர் என்னைப் பார்த்தார். அன்று விடியற்காலையில், “தண்ணியாத்தானே போகுது, இன்னும் எதைக் கழுவப் போறோம்?” என்று இரண்டாம் வேளை மருந்து ஜாடியைத் தள்ளி வைத்தவர். குடலில் மிச்சம் ஒட்டியிருந்தால் அதற்கு அடியில் இருப்பது மறைந்துபோகுமாம்.

“அந்த டாக்டர் ஒண்ணும் தெரியலன்னாரே?” என்றேன்.

“கண்ணுக்குத் தெரியலன்னு சொல்லியிருப்பார்மா. இல்லவே இல்லன்னு அர்த்தமில்ல.”

மார்ச் 10
ஒரு சொல். ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு வருஷம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறோம்.

மார்ச் 16
“இந்தக் கண்றாவியை எமன்கூடக் குடிக்க மாட்டான்” என்று திட்டிக்கொண்டே இந்த முறை முழுவதையும் குடித்தார்.

இருக்கிறது.

டாக்டரம்மா படத்தைக் காட்டினார். குடல் சுவரின் நிறத்திலேயே, ஒரு மடிப்புக்குப் பின்னால், தட்டையாக ஒரு சதை வளர்ச்சி. “நீட்டிக்கிட்டு நின்னா பாத்துடலாம். இது படுத்துக் கிடக்கு. குழாயை அவசரமா வெளிய இழுத்தாலும் விட்டுப்போயிடும்.”

தலையணை உறையைக்கூட நான் தையலைப் புரட்டிப் பார்க்காமல் காயப்போடுவதில்லை. போன வருஷம் பார்த்த அந்த டாக்டர் இன்னும் கொஞ்ச நேரம் நின்னு பாத்திருக்கக் கூடாதா? இவர்தான் அந்த ஜாடியைக் குடிச்சுத் தொலைச்சிருக்கக் கூடாதா? யாரைத் திட்டுறது நான்?

மார்ச் 23
புற்று. ஸ்கேனில் கல்லீரலிலும் தெரிகிறது.

“அன்னைக்கே எடுத்திருந்தா?” என்று கேட்டேன்.

“அப்போ வெறும் சதை வளர்ச்சியாவே இருந்திருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாதும்மா.”

கடவுளே, உனக்குமா தெரியல?

மார்ச் 24
வேண்டுதல் வரவில்லை. வாய் மட்டும் அசைகிறது. வீட்டுக் கணக்கும் எழுதவில்லை.

ஜூன் 2
கூடப் பிறந்தவர்களும் குழாய் விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டரம்மா அப்போதே சொல்லியிருந்தார். கொழுந்தனார் பயந்து பயந்து இன்றுதான் போனார். இரண்டு வேளை மருந்தையும் பக்கத்தில் நின்று குடிக்கவைத்தேன். “அண்ணி, போலீஸ் மாதிரி நிக்காதீங்க, உள்ள இறங்க மாட்டேங்குது” என்றார்.

சின்னதாக இரண்டு இருந்தனவாம். அங்கேயே எடுத்துவிட்டார்கள்.

திரும்பி வந்து அண்ணன் கட்டிலருகே உட்கார்ந்தார். இவர்தான் தம்பியின் கையைத் தேடிப் பிடித்து, “என்னடா, தப்பிச்சிட்டியா?” என்று சிரித்தார். அவர் உடைந்து அழுதார்.

நான் இவரை மறுபக்கம் திருப்பிப் படுக்கவைத்தேன். இப்போதெல்லாம் ஒரு கையே போதுமாயிருக்கிறது.