மூன்று சென்டிமீட்டர் வளர்ச்சி

ஜூலை 3
பிள்ளைகளை அளந்து முடித்தேன். பள்ளிக்கூட நர்ஸாகப் பத்தொன்பது வருஷம். ஒரே பருவத்தில் மொத்தப் பள்ளியும் இப்படி வளர்ந்து பார்த்ததில்லை. எடை மட்டும் அப்படியே இருக்கிறது. மேலதிகாரிக்கு வாயெல்லாம் பல். கூட்டம் போட்டு ஒரு மணி நேரம் பேசினார் — உயரம் கூடினால் நோய் குறையுமாம், படிப்பு ஏறுமாம், பிற்காலத்தில் சம்பளமும் கூடுமாம். ஆறடி மனிதர். சம்பளத்தைப் பார்த்தால் அவர் சொல்வது சரிதான். வேலையைப் பார்த்தால் உயரத்துக்கும் மூளைக்கும் சம்பந்தமே இல்லை.

சராசரி தேறிவிட்டதால், வளர்த்தி போதாத பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்த பால் திங்கள் முதல் கிடையாது. மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, எல்லோரும் பொடிசு என்று கூப்பிடுகிறவள், அவளும் பாலுக்கான உயரக் கோட்டைத் தாண்டிவிட்டாள். "நர்ஸம்மா, இனிமே யாரும் என்னைப் பொடிசுன்னு சொல்ல முடியாதுல்ல?" என்று கேட்டுவிட்டுக் குதித்துக்கொண்டே போனாள்.

ஜூலை 4
மனசு ஒப்பவில்லை. பள்ளி விட்டதும் நானே சுவரோரம் நின்று பார்த்தேன். ஐம்பத்து மூன்று வயசில் மூன்று சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறேன்.

குனிந்து பார்த்தால் — லீவில் புதுசாக டைல்ஸ் போட்டார்களே, தரை உயர்ந்து, சுவரில் ஒட்டிய அளவு நாடாவின் அடிப்பக்கத்தை மூடிவிட்டது. நாடா மூன்றில் தொடங்குகிறது. இத்தனை பேரை அளந்தேனே, என் கண்ணு என்ன பொடனியிலயா இருந்துச்சு?

ஜூலை 7
மேலதிகாரியிடம் சொன்னேன். "அறிக்கை மேல போயாச்சும்மா. நல்ல சேதியைக் கெடுக்காதீங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அடுத்த வருஷமா? எட்டு வயசு எலும்பு என்ன இவர் மேஜைக் கோப்பா, கட்டி வைத்துவிட்டுப் பிறகு பிரிக்க? தூ. ஆறடியில் அரையடிகூட முதுகெலும்பு இல்லை.

ஜூலை 8
இன்றும் பால் இல்லை.

ஜூலை 9
பழைய நாடாவைக் கிழித்தேன். டைல்ஸிலிருந்து புதுசு ஒட்டி எல்லோரையும் திரும்ப அளந்தேன். தப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவரைக் கேட்காமல் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

பொடிசு குதிகாலைத் தூக்கினாள். தோளைப் பிடித்து அழுத்தினேன். "போன வாரம் தாண்டினேனே?"

"அது தப்பும்மா. நீ அப்போவும் இவ்ளோதான் இருந்தே."

இதைவிடப் பக்குவமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜூலை 21
பால் திரும்ப வருகிறது. கவனக்குறைவு என்று எனக்கு மெமோ. மேலதிகாரிக்குப் பாராட்டுக் கடிதம் — உரிய நேரத்தில் பிழையைக் கண்டுபிடித்தாராம். வெட்கம் கெட்ட ஜென்மம்.

ஜூலை 22
பாலை நீட்டினேன். பொடிசு வாங்கவில்லை.

"இதைக் குடிச்சா வளருவேனா? இந்தத் தடவையாவது நிஜத்தைச் சொல்லுங்க."

"தெரியாதும்மா. குடி."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் மேலதிகாரியைப் பார்க்கிற அதே பார்வை. பிறகு கிளாஸை வாங்கி, மிச்சம் வைக்காமல் குடித்தாள்.