எண்பத்து நாலு குழியும் ஒரு மைனஸும்

இதனால் ஜபல்பூர் ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கும் வேம்பு அக்காவுக்கும் அவளோடு அறையில் தங்கியிருக்கும் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், போன தடவை வந்தபோது சேவல் என்று பார்த்து வீரன் என்று பெயர் வைத்துவிட்டுப் போனாயே, அந்த வீரன் சென்ற வெள்ளிக்கிழமை முட்டை இட்டான். தாயும் முட்டையும் நலம். பெயரை மாற்றுவதா வேண்டாமா என்று உன் உத்தரவுக்குக் காத்திருக்கிறோம்.

இதுவரை எழுதியதைக் கேட்டுவிட்டு அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். கடுதாசி எழுதச் சொன்னால் தண்டோரா போடுகிறானாம். ஆகவே முறையாகத் தொடங்குகிறேன். அன்பு மகள் வேம்புவுக்கு அம்மா ராமாயி சொல்ல, தம்பி இளையபெருமாள் எழுதுவது. இங்கே மூன்று பேரும் சுகம், நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குகிறாய் என்று தெரிந்தால் அந்தச் சுகம் முழுசாகும். அப்பா பூதலூர் அரிசி ஆலையில்தான் இருக்கிறார், ஞாயிறு வந்து திங்கள் போகிறார். வாய் அம்மாவுடையது, கை என்னுடையது, வாய்க்கு எட்டியது கைக்கு எட்டாமல் போனால் பொறுத்துக்கொள். உன் கடிதத்துக்கு ஒரு மாதமாகப் பதில் போடாததற்குக் காரணம் இருக்கிறது. பயப்படாதே, எல்லாம் முடிந்து நல்லபடியாக ஆன பிறகுதான் எழுதுகிறோம். முடியாமல் எழுதினால் நீ வேலையை விட்டுவிட்டு ரயிலேறி வந்துவிடுவாய் என்று அம்மா என்னை எழுதவே விடவில்லை.

விஷயம் நம் மூலை வயல்தான். தை அறுவடை முடிந்ததும் பண்ணைக் காரியஸ்தர் செல்லதுரை மூங்கில் கோலோடு வந்து நின்றார். ஊர் ஊராகப் புது சர்வே நடக்கிறது, அதற்குள் அளந்து பார்த்துவிடலாம் என்றார். பன்னிரண்டடிக் கோல், கோலுக்குக் கோல் சதுரம் ஒரு குழி, அது உனக்குத் தெரியும். வண்டிப்பாதை ஓரத்து வரப்பு பதினாலு கோல், இரண்டு கோடியிலிருந்தும் மடைக்குப் போய்ச் சேரும் இரண்டு வரப்பும் ஒன்று பதின்மூன்று, ஒன்று பதினைந்து. அவர் கணக்கு எதிரெதிர்ப் பக்கத்தைக் கூட்டிப் பாதியாக்கி, பாதியைப் பாதியால் பெருக்குவது. பதின்மூன்றும் பதினைந்தும் கூட்டிப் பாதி பதினாலு. வண்டிப்பாதை வரப்புக்கு எதிரே வரப்பே இல்லை, மடை முனைதான், அதனால் பதினாலில் பாதி ஏழு. தொண்ணூற்றெட்டு குழி என்று கணக்கு விழுந்தது. நம் பட்டாவில் இருப்பது ஊர்க்கணக்கில் எண்பத்து நாலு. மிச்சம் பதினாலு குழி பண்ணையோடது ராமாயி, மடைப்பக்கமா ஒரு வரப்பு போட்டுக்கறேன் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மடை போனால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிலம் இருக்கும், தண்ணீர் இருக்காது. மேட்டூர் திறந்து வாய்க்கால் நிறைய ஓடினாலும் பண்ணையில் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றால்தான் நம் நாற்று நனையும். நில உச்சவரம்பில் பண்ணையிடமிருந்து எடுத்த நிலத்தை நமக்குக் கொடுக்கச் சொல்லி, விவசாயச் சங்கத்து ஆட்களோடு என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் வாசலில் வெயிலில் கிடந்தவள் அம்மா. இனி யார் களத்திலும் கைகட்டி நிற்பதில்லை என்று வந்தவள், அந்த மாதம் முழுக்கச் சோற்றைப் பிசைந்து பிசைந்து கோழிக்குத்தான் போட்டாள். சங்கத்து வீரையன் அண்ணன், சர்வேயர் வரும்வரைக்கும் வரப்பு வைக்க விடமாட்டோம் என்று சொல்லிவிட்டு வந்தார். பண்ணைப் பக்கம் ஆள் திரட்டுகிறார்கள், நம் பக்கமும் திரள்கிறது என்று கேள்விப்பட்டபோது அம்மா என்னைப் பள்ளிக்கூடம் விட்டால் நேரே வீடு என்று கட்டிப் போட்டுவிட்டாள்.

கட்டிப் போட்டதுதான் நல்லதாய்ப் போயிற்று. வீட்டில் அடைபட்டுப் பாடப் புத்தகத்தைப் புரட்டினேன், வேறு போக்கிடம் இல்லாததால். எங்கள் பத்தாம் வகுப்பில் ஆயத்தொலை என்று ஒரு பாடம் உண்டு, வகுப்பில் நாங்கள் வைத்த பெயர் ஆயத்தொல்லை. எந்த இடத்தையும் குறுக்கே இத்தனை, மேலே இத்தனை என்று இரண்டே எண்ணில் சொல்லிவிடுவது. தொடங்கும் இடத்துக்கு ஆதிப்புள்ளி என்று பெயர். ஊரில் பெரும்புள்ளிகளுக்குத்தான் மரியாதை, கணக்கில் ஆதிப்புள்ளிக்கு. வண்டிப்பாதை ஓரத்துக் கல்லை ஆதிப்புள்ளி ஆக்கினேன், பாதை வரப்பை எக்ஸ் அச்சு ஆக்கினேன், வரப்பின் மறுகோடி (14, 0). மடை எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி, அதை (x, y) என்று வைத்தேன். கல்லிலிருந்து பதின்மூன்று கோல் என்பதால் ஒரு சமன்பாடு, மறுகோடியிலிருந்து பதினைந்து கோல் என்பதால் இன்னொன்று. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தேன், ஒய் ஓடிப்போய் எக்ஸ் மட்டும் ஐந்து என்று நின்றது. அதை வைத்துப் பிடித்தால் ஒய் பன்னிரண்டு. மடை (5, 12). அக்கா, நம் மடைக்கு இப்போது விலாசம் இருக்கிறது, தபால்காரர்தான் பாக்கி.

சர்வேயர் மீரா உசேன் அதிராம்பட்டினத்துக்காரர், குடையும் சங்கிலியுமாக வந்தார். இரண்டு பக்கத்து ஆட்களும் பாதையில் நிற்க, நான் தாளை நீட்டி, மூன்று புள்ளிகளையும் முக்கோணப் பரப்புச் சூத்திரத்தில் போட்டு எல்லார் முன்னாலும் கணக்குச் செய்தேன். கல்லில் தொடங்கி மடைக்குப் போய் மறுகோடிக்கு வந்தேன். விடை மைனஸ் எண்பத்து நாலு. சர்வேயர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். செல்லதுரை தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "பாருங்க சார், அவன் கணக்குப்படியே அவங்கதான் பண்ணைக்கு எண்பத்து நாலு குழி தரணும்" என்றார். பாதையே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "ஏன்டா, உன்னைப் படிக்க வச்சதுக்கு இருந்த நிலத்தையும் கழிச்சுட்டியா" என்றாள். அவள் குரலைக் கேட்டதும் தாளை முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன் அக்கா, வேடிக்கை எல்லாம் அந்த இடத்தில் இல்லை.

பிறகுதான் பார்த்தேன், கடிகார முள் போகிற பக்கம் சுற்றியிருக்கிறேன். அப்படிச் சுற்றினால் மைனஸ்தான் வரும். திருவலஞ்சுழிக்குப் போய்க் கும்பிடலாம், கணக்கில் வலஞ்சுழியாகப் போனால் குழி குழியிலே விழுந்துவிடும். இடஞ்சுழியாகத் திருப்பிப் போட்டேன், மைனஸ் போய் முழு எண்பத்து நாலு வந்து நின்றது. சர்வேயர் குடையை மடக்கினார். சங்கிலியைப் போட்டார், அம்மா அந்த நேரத்திலும் உளுந்துச் செடியை மிதிக்காதீங்கய்யா என்று கூடவே ஓடினாள். மடையிலிருந்து பாதை வரப்புக்கு நேர் செங்குத்தாக இறக்கினார், கல்லிலிருந்து ஐந்தாவது கோலில் விழுந்தது. உயரம் பன்னிரண்டு கோல். பதினாலில் பாதி ஏழு, ஏழு பன்னிரண்டு எண்பத்து நாலு. "பெரியவரே, உங்க கணக்கு நாலு மூலை வயலுக்குத்தான். மூணு மூலைக்கு சாய்ஞ்சு வர்ற வரப்பைப் போடக்கூடாது, நேர் உயரத்தைத்தான் போடணும்" என்றார். செல்லதுரை கோலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, நான் இத்தனை வருசமா மூலை வயலெல்லாம் இப்படித்தான் அளந்து கொடுத்திருக்கேன் என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னார். சண்டைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக வேட்டியை உதறிக்கொண்டு கலைந்தார்கள். மடைக்கு வெளிப்பக்கமாகக் கல் நட்டாயிற்று. அம்மா அந்தக் கல்லை ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து பழைய சோற்றை வட்டில் வழியப் போட்டுச் சாப்பிட்டாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே வயிறு நிறைந்தது.

ஆக, மூன்று புள்ளியில் ஊர்ச் சண்டையைத் தீர்த்தவன் உன் தம்பி என்று உன்னோடு வேலை பார்ப்பவர்களிடம் தாராளமாகச் சொல்லிக்கொள். இனி அம்மா சொல்வது. அங்கே பனி இன்னும் விடவில்லை என்று எழுதியிருந்தாய், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. நோயாளிக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு நீ பட்டினி கிடக்காதே. வலங்கைமானிலிருந்து ஒரு பையனைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வந்தார்கள், நீ சரி என்றால்தான் மேலே பேச்சு, அவசரம் இல்லை. சித்திரையில் லீவு கேட்டுப் பார், உளுந்து எடுத்து வைத்திருப்பேன், உனக்கு வடை சுட்டுத் தருகிறேன். நீ நோய் நொடி இல்லாமல், போகிற இடத்தில் நல்ல பெயரோடு இருக்க வேண்டும். பதில் எழுத மறக்காதே, கார்டு என்றாலும் போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா ராமாயி (பெருவிரல் அவளுடையது, மை என் பேனாவுடையது)

கைநாட்டு வைத்த பிறகு முழுக்கப் படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். எல்லாம் சரி, ஆரம்பத்தை மட்டும் விட்டுட்டியே என்றாள். எந்த ஆரம்பம் என்று கேட்டுப் பார்த்தேன், பலிக்கவில்லை. எழுதாவிட்டால் கவரை ஒட்ட விடமாட்டாளாம், ஆகையால் எழுதுகிறேன். செல்லதுரை அன்று அளந்தபோது கோலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஓடியவன் நான்தான். ஏழு பதினாலு எத்தனை என்று அவர் விரலை மடக்கி மடக்கித் தடுமாறி, சரி நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று கிளம்பக்கூட எழுந்துவிட்டார். தொண்ணூற்றெட்டுங்கய்யா என்று நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி கத்திச் சொன்னதும் நான்தான். சபாஷ் என்று அவர் முதுகில் தட்டியபோது ரொம்பப் பெருமையாக இருந்தது. பெருக்கல் சரியாகத்தான் இருந்தது அக்கா.