பன்னீருக்கு அடங்காத அடுப்பு

மச்சான்,

இன்று காலையும் ரோஜா கருகிவிட்டது. உன் கராஜ் முழுக்க அந்த மணம். பானையின் அடியைச் சுரண்டிக்கொண்டு நின்றபோது எனக்கு உன் மேல்தான் எரிச்சல் வந்தது. செத்துப்போன ஆளோடு சண்டை பிடிக்க வேறு வழி தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உன் முதல் வருட ஆட்டைத்திவசம் முடியட்டும் என்று தள்ளிவைத்த உன் மகளின் கல்யாணம் இந்தச் சனிக்கிழமை. வாசலில் தெளிக்க வீட்டு ரோஜாவிலேயே பன்னீர் வடிப்பேன் என்று இந்த நோபல் பார்க் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நீ. பஸ் ஓட்டிவிட்டு வந்து, யூனிஃபோமைக்கூட மாற்றாமல் அந்தப் பழைய ஹொட்பிளேட் அடுப்பின் முன்னால் குந்துவாய். அது யார் சொல்லும் கேட்காது. சூடேறினால் ஒரேயடியாகக் கொதித்து, நுரை பானை மூடியில் பூட்டிய செப்புக் குழாய்க்குள் ஏறும். உள்ளேயிருக்கும் தெர்மோஸ்டட் டக்கென்று கரண்டை வெட்டினால் கொதி அடங்கி, ஒரு சொட்டும் வராது. பிறகு மறுபடி கொதி, மறுபடி டக். அடியில் ஒட்டிய இதழ்கள் கருகிவிடும்.

"தெர்மோஸ்டட்டைக் கழட்டி எறிஞ்சுபோட்டு ஒரு கொன்ட்ரோலர் பூட்டுவம். சூடு ஒரே அளவிலை நிக்கும். நீ எலக்ட்ரீசியன் தானே, அரை மணித்தியால வேலை" என்றாய்.

"கழட்டினா, தண்ணி வத்தினாலும் அது நிக்காது. வீடு எரிஞ்சா என்ரை லைசென்ஸ் தான் போகும்."

"உனக்கு லைசென்ஸ் தான் பெரிசு."

"ஓம், பெரிசுதான்!"

ஊரில் பன்னிரண்டு வருடம் வயர் இழுத்த என்னை இந்த நாட்டில் முதலிலிருந்து படிக்க வைத்தார்கள். அந்த லைசென்ஸ் அட்டையை எடுக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். தெரிந்தும் அப்படிச் சொன்னாயே என்ற கோபத்தில் ஐந்து வாரம் உன் வீட்டுப் பக்கம் நான் வரவில்லை. ஆறாவது வாரம் உன் மனைவியின் போன் வந்தது. டிப்போவில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டாயாம்.

போன வாரம் அவர் என்னை மறுபடி கூப்பிட்டார். "அண்ணை, அவர் ஆசைப்பட்ட பன்னீரை நீங்களாவது வடிச்சுத் தாங்கோ" என்றார். போய்ப் பார்த்தால், ஹொட்பிளேட்டின் அடித்தகடு கழற்றியபடி கிடந்தது. ஸ்குரூ ஆணிகளெல்லாம் ஒரு போத்தல் மூடிக்குள். உள்ளே ஒரு வயரையும் நீ தொட்டிருக்கவில்லை.

"அவன் வருவான், வந்து பாத்துச் செய்யட்டும் எண்டு வைச்சவர்" என்றார் உன் மனைவி.

ஒரு போன் எடுத்திருக்கக் கூடாதா மச்சான்? நான்தான் எடுத்திருக்கக் கூடாதா?

அப்போதும் என் வீம்பு போகவில்லை. உன் யோசனை பிழை என்று காட்டுவதற்காகவே எதையும் மாற்றாமல் தகட்டைப் பூட்டி வடிக்கப் பார்த்தேன். மூன்று நாள், மூன்று கூடை ரோஜா. எல்லாம் கரி.

இன்று மத்தியானம்தான் வழிக்கு வந்தேன். நீ கேட்ட கொன்ட்ரோலரை எர்த் கொடுத்த இரும்புப் பெட்டிக்குள் வைத்து வெளியே பூட்டினேன். தெர்மோஸ்டட்டைக் கழற்றவில்லை. அதை உச்சத்தில் திருப்பிவிட்டேன். இனி பானை வற்றினால் மட்டும் கரண்டை வெட்டும். கொதி மெல்லச் சீரானது. குழாயின் நுனியில் சொட்டுச் சொட்டாகப் பன்னீர் வந்தது. நீ சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. ஒரு கோப்பைத் தேத்தண்ணி குடிக்கும் நேரம் இரண்டு பேரும் கத்தாமல் இருந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

பின்னேரம் உன் மகள் கராஜுக்கு வந்து போத்தலை மணந்து பார்த்தாள்.

"அங்கிள், சட்டர்டே அப்பா நிக்க வேண்டிய இடத்திலை நீங்கள் நிண்டு தெளிக்கிறீங்களா? ப்ளீஸ்."

சரி என்றேன். நிற்பேன். வருகிறவர்கள் என் கண்ணைப் பார்த்து, சந்தோஷத்தில் கலங்குகிறான் என்று நினைப்பார்கள். இன்னும் ஆறாமல் கிடக்கும் நம் சண்டைதான் அது என்று நான் யாருக்கும் சொல்லப்போவதில்லை.