கற்பூரத்தில் அடித்த கை

சுன்னாகம்,
10.08.2025

என் அன்பு மகள் நிவேதனாவுக்கு,

நீயும் மருமகன் ஜெயதீபனும் உன் வயிற்றில் இருக்கும் எங்கள் பேரப்பிள்ளையும் சுகமாயிருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். போனில் கதைத்தால் அம்மா பறித்துக்கொண்டு அழத் தொடங்கிவிடுகிறா. அதனால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். மூலையில் கறுப்பாகத் தெரிவது பூச்சியல்ல, என் பெருவிரல்.

உன் அப்பன் பிரதேச சபை உறுப்பினரானதைக் கேட்டு நீ சிரித்தாய். ஓ.எல். சோதனை இரண்டு தரம் எழுதியும் கரை சேராதவனுக்குச் சபையில் சுழலும் கதிரை! முதல் நாளே அது என்னைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டது. இப்போது சிரிக்க முடியாத ஒரு காரியம் வந்திருக்கிறது.

ஒழுங்கை முனையில் இருந்த மரியரட்ணம் பங்குனியில் மோசம்போனார் அல்லவா? அவர்கள் சின்ன ஜெபக்கூட்டத்து ஆட்கள். எரிப்பதில்லை, புதைப்பார்கள். எங்கள் கோயில் ஆட்கள், புதைக்கக் கூடாதென்று சுடலைப் படலையைப் பூட்டிவிட்டார்கள். கடைசியில் நான் வெங்காய மூட்டை ஏற்றும் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில்தான் சவப்பெட்டியை ஏற்றிக்கொண்டு மூன்று ஊர் தாண்டிப் போனோம். அங்கே ஒரு பாதிரியார் இரங்கி இடம் தந்தார். மனைவி அற்புதராணி, பெட்டி குலுங்காதபடி வழி முழுக்க இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தா.

சுடலைக்குப் பக்கத்தில் பற்றையாய்க் கிடக்கும் சபைக் காணியில், புதைக்கிற சனத்துக்கென்று அரைப் பரப்பு நிலம் ஒதுக்கித் தரும்படி இப்போது அவ கேட்டிருக்கிறா. இருபதாம் திகதி வாக்கெடுப்பு. எங்கள் குழு எதிர்க்கும் என்று கனகரத்தினம் அண்ணை சொல்லிவிட்டார். கோயில் தலைவரும் அவர்தான், சபையில் எங்கள் குழுத் தலைவரும் அவர்தான்.

தேர்தலுக்கு முன் எங்களை எல்லாம் பிள்ளையார் முன் நிறுத்தி, குழு சொன்னபடியே கை உயர்த்துவோம் என்று எரியும் கற்பூரத்தில் கையடித்துச் சத்தியம் வாங்கினார். "பிள்ளையை நினைச்சு அடியடா" என்றார். நானும் உன்னை நினைத்து அடித்தேன். தெருவிளக்குக்கும் வாய்க்காலுக்கும்தான் கை கேட்பார்கள் என்று நினைத்த மடையன். நீ பிள்ளைத்தாய்ச்சி என்று தெரிந்தது அதற்குப் பிறகு. சத்தியம் தவறினால் உன் வயிற்றில் வந்து விடியும் என்று அம்மா சாப்பிடாமல் இருக்கிறா.

நான் என்ன செய்ய, பிள்ளை?

அன்புடன் அப்பா,
சீவரத்தினம்


ஒஸ்லோ,
12.08.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் பெருவிரலையும் சேர்த்து வாசித்தேன். அற்புதராணி அன்ரி கேட்பது நியாயம். வேறு யாருடைய அப்பாவாக இருந்தாலும், "கட்டாயம் உயர்த்தச் சொல்" என்று பெரிதாகக் கதைத்திருப்பேன். ஆனால் போன கிழமை ஸ்கானில் பிள்ளை கையை ஆட்டியது, அப்பா. சத்தியத்திலெல்லாம் எனக்கு நம்பிக்கையில்லை என்று ஜெயதீபனிடம் சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதேன்.

ஆதரவாகவும் உயர்த்த வேண்டாம், எதிராகவும் உயர்த்த வேண்டாம். அன்றைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் படுத்திருங்கள். வெட்கத்தோடுதான் கேட்கிறேன்.

உங்கள் மகள்,
நிவேதனா


சுன்னாகம்,
21.08.2025

என் அன்பு மகளுக்கு,

படுக்கத்தான் நினைத்தேன். அம்மா முதல் நாளே கொத்தமல்லி அவித்துத் தந்துவிட்டா. பொய்க் காய்ச்சலுக்கு மெய் மருந்து. ஆனால் போர்த்துக்கொண்டு கிடந்தாலும் கண்ணுக்குள் அந்தச் சுடலைப் படலைதான் நின்றது. பிள்ளையாரின் பெயரைச் சொல்லித்தான் அதைப் பூட்டினார்கள். நான் வீட்டில் கிடந்தால் அதில் நானும் ஒரு பூட்டு.

எழும்பித் தலைக்குக் குளித்துக் கோயிலுக்குப் போய்க் கற்பூரம் கொளுத்தினேன். "அண்டைக்கு அடிச்சதும் இந்தக் கை, இண்டைக்கு உயர்த்தப் போறதும் இந்தக் கை. கோவமெண்டால் இந்தக் கையோடை தீர்த்துக்கொள்ளும். என்ரை பிள்ளை உம்மட்டை ஒண்டும் சொல்லேல்லை" என்றேன். கற்பூரம் அணைந்ததும் திருநீறு பூசிக்கொண்டு சபைக்கு நடந்தேன்.

சபையில் ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டார்கள். என் முறை வந்து நான் கையை உயர்த்த, கனகரத்தினம் அண்ணை எழும்பிவிட்டார்.

"சீவரத்தினம், கற்பூரத்தை மறந்திட்டியோ?"

"மறக்கேல்லை அண்ணை. அதுதான் காலமை பிள்ளையாரிட்டைச் சொல்லிப்போட்டு வந்தனான்."

"சைவத்தைக் காப்பாத்தத்தானே உன்னை இஞ்சை அனுப்பினது?"

"ஓம் அண்ணை. திருநீறு பூசிக்கொண்டுதான் உயர்த்துறன்."

ஒரே ஒரு கை வித்தியாசத்தில் அற்புதராணிக்கு அரைப் பரப்பு கிடைத்தது. பின்னேரமே கோயிலிலிருந்து ஆள் வந்தது. பாட்டன் காலம் தொட்டு நாங்கள் செய்துவரும் ஏழாம் நாள் திருவிழா இனி எங்களுக்கில்லையாம். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். அம்மா சோறு போடுகிறா, ஆனால் ஒரு சொல் இல்லை. நீ கேட்டதையும் நான் கேட்கவில்லை. உன் பதில் வரும்வரை இந்தக் கையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்பா


ஒஸ்லோ,
02.09.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கோபத்தில்தான் எழுதவில்லை. சனிக்கிழமை பிள்ளை அசையாத மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிள்ளை நல்ல நித்திரை என்று தாதி சிரித்தா. அங்கே படுத்திருந்தபோது ஒன்று விளங்கியது. ஏதும் நடந்திருந்தால் நான் உங்களைத்தான் குற்றம் சொல்லியிருப்பேன். உங்களுக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டுதான் கையை உயர்த்தியிருக்கிறீர்கள்.

கோபம் இன்னும் முழுக்க ஆறவில்லை. ஆனால் பிள்ளையாரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை என்றீர்களே, அதை மாற்றிவிடுங்கள். மகளும் ஓம் என்கிறாள் என்று சொல்லுங்கள்.

நிவேதனா


சுன்னாகம்,
07.09.2025

என் செல்ல மகளுக்கு,

சொல்லிவிட்டேன். வீதியில் நின்றுதான் சொன்னேன். உள்ளே போனால் நாலு பேர் முகத்தைத் திருப்புகிறார்கள். பிள்ளையாருக்குக் காது பெரிது, கேட்டிருக்கும்.

நேற்று அற்புதராணி வந்தா. பற்றை வெட்டி, காணிக்கு எல்லைக்கல்லும் போட்டாயிற்றாம். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. போகும்போது அவ அடுப்படிப் பக்கம் எட்டி, "உங்கடை மகளுக்காக ஞாயிற்றுக்கிழமையிலை ஜெபிக்கிறம் அக்கா. அவவின்ரை பேரென்ன?" என்று கேட்டா.

அடுப்படியில் பாத்திரத்தை வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அம்மா வெளியே வந்தா.

"நிவேதனா. பூராட நட்சத்திரம்."

"பேர் மட்டும் காணும் அக்கா. நாங்கள் நட்சத்திரம் சொல்லுறேல்லை."

"அதெப்பிடி? நட்சத்திரம் சொல்லாட்டில் வேறை ஒரு நிவேதனாவுக்கெல்லோ போயிடும்! பூராடம். வடிவாய்ச் சொல்லும், என்ன?"

அற்புதராணி படலை தாண்டும்வரை "பூராடம், பூராடம்" என்று பாடமாக்கிக்கொண்டே போனா. அம்மா அவ போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு என் பக்கம் திரும்பி, "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்டா.

குடித்தேன், பிள்ளை. சீனி போட மறந்துவிட்டா. நான் சொல்லவில்லை.

அப்பா