ரசத்தைக் குறை சொன்ன பிள்ளை

புதன்கிழமை, சிலிபின், ஈப்போ

ராத்திரி சாப்பாட்டுக்கு உக்காந்ததும் குமரன் சொன்னது இன்னும் காதுலயே நிக்குது. "என்னம்மா, மறுபடியும் ரசமா? நேத்தும் இதானே லா!"

எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. "பிடிக்கலன்னா கடையில போய்ச் சாப்பிடு"ன்னேன். பிள்ளை மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டே ரெண்டு தடவை சோறு போட்டுத் தின்னான்.

பாத்திரம் கழுவும்போதுதான் எனக்கு உறைச்சுது. பினாங்குல கம்ப்யூட்டர் சிப் செய்யற ஃபேக்டரிக்கு, அந்தக் கிலாங்குக்கு வேலைக்குப் போனதுலேர்ந்து அவன் என் சமையலை ஒரு வார்த்தை குறை சொன்னதில்ல. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவான். ஆட்டுக்கறி, நண்டுன்னு ஆக்கிப் போடுவேன். "நல்லாருக்கும்மா"ன்னு சொல்லிட்டு, டப்பாவுல மொளகாச் சம்பலை வாங்கிக்கிட்டு பஸ் ஏறிடுவான். விருந்தாளி எங்கயாச்சும் குறை சொல்வானா?

இப்ப அதே மாதிரி கிலாங் ஈப்போவுக்கே வந்துடுச்சு, பழைய ரப்பர் எஸ்டேட் நிலத்துல. பினாங்குக்காரங்களே இங்க வாடகை வீடு தேடி அலையறாங்களாம்! அங்கயே வேலை கெடைச்சு, குமரன் காலையில மோட்டார் பைக்ல போறான், சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுறான். முதல் நாள் பழக்கதோஷத்துல ஒரு வாரத்துச் சம்பலைக் கட்டிக் கொடுத்துட்டேன். அப்படியே திருப்பிக் கொண்டாந்து சிரிக்கிறான்.

இந்த வேலை நிலைக்கணும். சரி, அதை இப்ப எதுக்கு நினைக்கணும்.

பக்கத்து ரூம்ல அவன் ஃபேன் ஓடுற சத்தம் கேக்குது. கழட்டின சட்டையை நாற்காலியிலயே போட்டுட்டுத் தூங்கறான்.

நாளைக்கும் ரசம்தான் வைக்கப் போறேன். அவன் கத்தணும், நான் கேக்கணும்.