நான்கு நாள் கையெழுத்து

என் செல்ல மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கிச் சுகமாயிருக்க வேண்டும் என்பதே தினமும் எங்கள் வேண்டுதல். உடம்புக்கு என்றுதான் சொன்னேன், மனதைப் பற்றிச் சொல்லவில்லை என்பதை நீ கவனித்திருப்பாய், சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தக் குணம் உண்டு. அம்மாவின் முழங்கால் வலி முன்னைக்குத் தேவலை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறாள், படியைக் கட்டியவன் நான் இல்லையே என்றால் இன்னும் இரண்டு சேர்த்துத் திட்டுகிறாள். குளியலறைக் குழாய் ஒழுகியதைச் சரிசெய்துவிட்டேன், உன் அறை ஜன்னலுக்குப் புதுக் கொக்கி போட்டேன். இதற்கெல்லாம் அப்பாவுக்கு ஏது நேரம் என்று கேட்பாய். வேலைக்குப் போகவில்லை அம்மாடி, பத்து நாளாயிற்று. போனில் சொன்னால் குரல் நடுங்குவது உனக்குத் தெரிந்துவிடும் என்றுதான் கடிதம் எழுத உட்கார்ந்தேன், எழுத்து நடுங்கினால் அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வாய் என்று கணக்குப் போட்டேன், பார், அதையும் நானே சொல்லிவிட்டேன். வேறு யாராவது கை கால் ஒட்டவைத்து உன்னிடம் சொல்வதற்கு முன் நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுகிறேன், பாதியில் பதறிப் போன் செய்யாமல் கடைசிவரை வாசி.

எங்கள் சலவை ஆலையின் பெரிய பாய்லரை நீ பார்த்திருக்கிறாய். ஆஸ்பத்திரிப் போர்வைகளும் விரிப்புகளும் துவைத்து வந்ததும் நீராவி உருளைகளில் போட்டு அழுத்திக் காயவைப்பார்கள், அந்த நீராவி முழுதும் இதிலிருந்துதான் போகிறது. அதன் தலையில் பாதுகாப்பு வால்வு ஒன்று உண்டு. உள்ளே அழுத்தம் கூடி மீட்டர் முள் சிவப்புக் கோட்டை நெருங்கினால் அது தானாகத் திறந்து நீராவியை வெளியே விட்டுவிடும், வீட்டுக் குக்கருக்கு விசில் மாதிரி என்று வைத்துக்கொள். போன மாதம் அந்த வால்வு கெட்டு, முள் பாதி ஏறும்போதே திறக்க ஆரம்பித்தது. உருளைகளில் சூடு போதவில்லை, விரிப்புகள் ஈரமாகவே போய் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தன. ஒரு திங்கட்கிழமை காலையில் நான் வேலைக்குப் போய்ப் பார்த்தால் வால்வு திறக்க முடியாதபடி அதன் மேல் ஒரு இரும்புக் கிளாம்ப் மாட்டி இறுக்கியிருந்தது. குக்கர் விசிலைக் கம்பியால் கட்டிவிட்டு அடுப்பை எரியவிட்ட மாதிரி. ஓடிப்போய் மேனேஜரிடம் கேட்டேன். நம் சபையில் ஞாயிறுதோறும் வேத பாடம் வாசிப்பாரே, அவர்தான், வெளியில் எனக்குத் தம்பி, ஆலைக்குள் சார். அவர் கதவைச் சாத்திவிட்டு, "அண்ணே, இந்தத் துணி நின்னா அங்க ஆபரேஷனே நின்னுபோகும். புது வால்வுக்குச் சொல்லியாச்சு, ரெண்டு வாரத்துல வந்துடும். அதுவரைக்கும் முள்ளு மேல போகாம நீங்க பாத்துக்கிட்டா போதாதா, உங்கள விட யாருக்குத் தெரியும்" என்றார். பிறகு பாய்லர் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். தினமும் காலையில் 'வால்வு சோதித்தேன், சரியாக இருக்கிறது' என்று எழுதி நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன் அம்மாடி. திங்கள், செவ்வாய், புதன், வியாழன், நான்கு நாள் போட்டேன். யாரும் கையைப் பிடித்துப் போடவைக்கவில்லை. நாங்கள் இருக்கும் இந்த இரண்டு அறை ஆலைக் குடியிருப்பு, வேலை போனால் வீடும் போகும், இந்த வயதில் அம்மாவை இழுத்துக்கொண்டு எங்கே போவேன் என்று அந்த நேரத்தில் நினைத்தது என்னவோ உண்மை. வெள்ளிக்கிழமையிலிருந்து மூன்று நாள் ஆலைக்கு விடுமுறை, பராமரிப்பு என்று பேர், தரையைக் கழுவினார்கள், வால்வை யாரும் தொடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடம் வாசித்தவர் அதே மேனேஜர்தான். சிலுவையில் அறையப்படுவதற்கு முந்தின ராத்திரி ஆண்டவர் தோட்டத்தில் ஜெபித்த பகுதி. உனக்குத் தெரியும், நாற்பது வருஷமாகக் கேட்கிறேன், ஞாயிறு பள்ளியில் நானே எத்தனையோ முறை சொல்லிக் கொடுத்திருக்கிறேன், படம் கூட வரைந்து காட்டியிருக்கிறேன். ஆனால் ஆண்டவர் பயந்தார் என்பது அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது. கூட வந்த சீடர்கள் மூன்று பேரிடம், என் மனசு சாகிற அளவுக்குத் தவிக்கிறது, கொஞ்சம் என்னோடு விழித்திருங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்கிறார். இது என்னைவிட்டு விலகிப்போகக் கூடாதா என்று பிதாவிடம் மூன்று தடவை கேட்கிறார். வேர்த்துக் கொட்டுகிறது. தெய்வத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இதையெல்லாம் மறைத்துவிடத்தானே பார்ப்பார்கள், இவர்கள் மறைக்கவில்லை. கூட இருந்தவர்களோ தூங்கிவிட்டார்கள். என் பக்கத்தில் அம்மா பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள், எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. நானும் நான்கு நாளாகக் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியிருக்கிறேன். போன வருஷம் நீ போனில் கேட்டாயே, "அப்பா, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் செத்து எழுந்ததுக்கும் நான் இன்னைக்கு டியூட்டிக்குப் போறதுக்கும் என்ன சம்பந்தம், நெசமாத்தான் கேக்குறேன்" என்று. அவர் எல்லாம் செய்து முடித்துவிட்டார், நாம் விசுவாசித்தால் போதும் என்று மனப்பாடமாகச் சொன்னேன். நீ "சரிப்பா" என்றாய், அதற்குப் பிறகு நீ அங்கே கோயிலுக்குப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும், உன் அம்மா மறைத்தாலும் அவளுக்குப் பொய் சொல்ல வராது. அந்தச் "சரிப்பா" எனக்கு இன்னும் உறுத்துகிறது. நீ நிஜமாகக் கேட்டாய், நான் ஊருக்கு உபதேசம் செய்கிற மாதிரி பதில் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை பாய்லரை மூட்டினேன். ஒன்பதரை மணிக்கு முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. எண்ணெயைக் குறைத்தேன், இறங்கியது, கொஞ்ச நேரத்தில் மறுபடி தொட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் உருளைக் கூடத்தில் ஒன்பது பெண்கள் வேலை செய்கிறார்கள், அதில் ஒருத்தி ஓயாமல் பாடுவாள், பாட்டுக்காரி என்றே பேர். அந்தச் சத்தத்திலும் அவள் குரல் சுவர் தாண்டி வந்தது, வரிகளைத் தப்பும் தவறுமாகப் பாடிக்கொண்டிருந்தாள். என் கை தானாகப் போய் எரிபொருளை மூடியது. தைரியத்தில் செய்தேன் என்று நினைக்காதே, பயத்தில்தான் மூடினேன். அழுத்தம் முழுதும் இறங்கும்வரை காத்திருந்து ஸ்பேனரால் கிளாம்பைக் கழற்றினேன். புத்தகத்தை எடுத்து, 'முந்தின வாரம் நான்கு நாளும் நான் எழுதியது பொய், வால்வைச் சோதிக்கவில்லை, அது கட்டப்பட்டிருந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் தேவலை. வாசித்துவிட்டு மெதுவாக, "புத்தகத்துல எங்கயுமே என் கையெழுத்து இல்ல, பாத்தீங்களா" என்றார். அண்ணே என்று சொல்லவில்லை. அவர் சொன்னது சரிதான், எல்லாம் என் கையெழுத்து.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். வேலை போகுமே, வீடு போகுமே என்று அழுவாள் என்று பார்த்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, "நாலு நாள் அந்தப் பொம்பளைங்க சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னாங்கல்ல, அப்ப உங்களுக்குச் சோறு எறங்குச்சா" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் காலையில் என் சட்டையை இஸ்திரி போட்டுக் கையில் கொடுத்து, "போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள். பாய்லர் ஆய்வாளர் அலுவலகம் மூன்றாம் மாடியில் இருக்கிறது. இரண்டு தடவை மேலே ஏறி, யாரையும் பார்க்காமலே கீழே இறங்கிவிட்டேன், வாசலில் தண்ணீர் குடித்தேன், மூன்றாவது தடவை உள்ளே போனேன். குமாஸ்தா யார் மேல் புகார் என்று கேட்டார், என் மேல் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அதுக்குத் தனியா ஃபாரம் இல்லையே" என்றார். சிரிக்கிற நிலையில் நான் இல்லை, இப்போது எழுதும்போதுதான் சிரிப்பு வருகிறது. வியாழக்கிழமை ஆய்வாளர் வந்து வால்வைப் பிரித்துப் பார்த்தார். கிளாம்ப் இறுக்கியதில் உள்ளே தண்டு வளைந்து சிக்கிக்கொண்டிருந்தது, கிளாம்பைக் கழற்றினாலும் இது இனித் திறக்காது என்றார். அதைக் கேட்டு எனக்கு நிம்மதி வரவில்லை அம்மாடி, சுவரைப் பிடித்துக்கொண்டேன். பாய்லருக்குச் சீல் வைத்தார். என் ஆபரேட்டர் சான்றிதழையும் வாங்கி வைத்துக்கொண்டார். வருகிற புதன்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை, பொய்க் கையெழுத்துக்குச் சான்றிதழும் போகலாம், வழக்கும் வரலாம் என்று சொன்னார். இதை உனக்கு மறைக்கக் கூடாது.

நல்லது செய்தால் நாலு பேர் மெச்சுவார்கள் என்று நினைப்போம் இல்லையா. பெரிய பாய்லர் நின்றதால் இப்போது சின்ன பாய்லரில்தான் வேலை, அந்த ஒன்பது பெண்களுக்கும் பாதி நாள்தான். பாட்டுக்காரி கடைத்தெருவில் என்னை நிறுத்தி, "எங்களக் காப்பாத்துங்கன்னு உங்ககிட்ட யாரு கேட்டா, உங்க பயத்துக்கு எங்க வயித்துல அடிச்சிட்டீங்களே" என்றாள். வாங்கின காய்கறியை அங்கேயே மறந்துவிட்டு வந்துவிட்டேன். பகலிலேயே கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தபால்காரர் மணி அடித்தாலும் திடுக்கென்கிறது. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள், நான் கனத்தை இறக்கி வைத்த பிறகும் பயம் போகவில்லை. அதனால் போன வருஷம் நீ கேட்டதற்கு இப்போது எனக்குத் தெரிந்த அளவு சொல்கிறேன், பெரிதாக ஒன்றும் இல்லை. சுவிசேஷம் பயத்தை எடுத்துப் போட்டுவிடும் என்றுதான் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன், அது தப்பு. ஆண்டவரும் பயந்தார், பயந்துகொண்டே எழுந்து போனார், தூங்கினவர்களையும் எழுப்பி, வாருங்கள் போவோம் என்று கூட்டிக்கொண்டு போனார். இன்றைக்கு ஒரு கிறிஸ்தவன் செய்ய வேண்டியது அவ்வளவுதானோ என்று தோன்றுகிறது. கல்லறை திறந்ததை நான் நம்புகிறேன், அதில் மாற்றம் இல்லை, ஆனால் இந்தப் பத்து நாளும் அந்தப் பக்கம் வரைக்கும் என்னால் போக முடியவில்லை, தோட்டத்திலேயே நிற்கிறேன். நீ நம்பித்தான் ஆக வேண்டும் என்று இதை எழுதவில்லை, அப்பா இப்போது எங்கே நிற்கிறான் என்று உனக்குத் தெரியட்டும்.

நேற்று மத்தியானம் யாரோ கதவைத் தட்டினார்கள். நான் எழுந்திருக்கவே இல்லை, அம்மாதான் போய்த் திறந்தாள். மேனேஜர். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார், நாற்காலி நுனியில் உட்கார்ந்தார், முகம் வீங்கியிருந்தது. முதலாளி போனில், கிளாம்ப் விஷயமே தனக்குத் தெரியாது, நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டாராம். மேனேஜருக்கும் புதன்கிழமை வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. "என்னைப் பத்தி என்னண்ணே சொல்லப்போறீங்க" என்று தரையைப் பார்த்துக் கேட்டார். எனக்கு அவர்மேல் எவ்வளவு கோபம் இருந்தது என்று உனக்குச் சொல்ல முடியாது, ஆனால் அவர் கை நடுங்கின நடுக்கம் எனக்குப் பத்து நாளாகப் பழக்கமான நடுக்கம். "மாட்டச் சொன்னது நீங்க, கையெழுத்துப் போட்டது நான், ரெண்டையும் சொல்லுவேன் தம்பி, ஒண்ணையும் கூட்டமாட்டேன், கொறைக்கமாட்டேன்" என்றேன். அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், குடித்தார். "அந்த மூணு மாடி ஏறுறதுக்குள்ள எனக்குக் கால் வராதுண்ணே" என்றார். எனக்கும் வராது, இரண்டு தடவை இறங்கி வந்தவன் நான் என்று சொன்னேன், நாம் இரண்டு பேருமாகப் போவோமா என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் ஏன் கேட்டேன் என்று எனக்கே திக்கென்றது. எழுந்து வாசல்வரை போனவர் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல், "எத்தனை மணி பஸ்ஸுண்ணே" என்று கேட்டார். எட்டரை என்றேன்.

நீ லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே, புதன்கிழமை பத்து மணிக்குப் போனும் செய்யாதே, அங்கே அணைத்து வைக்கச் சொல்வார்கள். வீடு போனால் வேறு வீடு பார்ப்போம், அம்மா இப்போதே பாத்திரங்களில் எது வேண்டும் எது வேண்டாம் என்று பிரிக்க ஆரம்பித்துவிட்டாள். உன் கடைவாய்ப் பல்லை வைத்தியரிடம் காட்டச் சொல்லி எத்தனை தடவை சொல்வது, இந்த வாரமே காட்டு. ஜெபிக்க மனது வந்தால் எங்கள் இரண்டு பேருக்காகவும் ஜெபி, மேனேஜர் பெயரையும் சேர்த்துச் சொல், மனது வராவிட்டால் அந்த நேரத்தில் எங்களைச் சும்மா நினைத்துக்கொள், அது போதும். உன் போக்கிலும் வரத்திலும் ஆண்டவர் உன்னோடு நடப்பாராக, உன் கை தொடுகிற வேலை சுத்தமாயிருக்கட்டும், நீ எங்கே நின்றாலும் உன் பக்கத்தில் விழித்திருக்க யாராவது ஒருவரை அவர் கொடுக்கட்டும்.

பயந்தபடியே, ஆனால் உன்னிடம் ஒன்றையும் மறைக்காமல்,
உன் அப்பா